பின்பெஞ்சு மயக்கம்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் காலை பஸ்ஸை டிரைவர் வைரக்கண்ணு கிளப்புவதற்குள் ஊரே விழித்துவிடும். இரண்டாம் உலகச் சண்டைக் காலம், பெட்ரோல் கண்ணில் படுவதில்லை. பஸ்ஸின் முதுகில் ஆள் உயர இரும்பு உருளையை மாட்டி, அதில் கரியைக் கொட்டி நெருப்பு வைத்து, அதிலிருந்து வரும் வாயுவில்தான் எஞ்சின் ஓடியது. கிளீனர் சின்னதுரை பின்னால் நின்று காற்று ஊதும் சக்கரத்தை அரைமணி நேரம் சுற்றினால்தான் அது உறுமும்.

வைரக்கண்ணு யாரையும் லேசில் நம்பமாட்டார். தன் நிழல்கூட டிக்கெட் வாங்காமல் ஏறிவிட்டதோ என்று திரும்பிப் பார்க்கிற ஆசாமி. இப்போது அவருடைய சந்தேகமெல்லாம் சம்பூர்ணத்தின் மேல்.

சம்பூர்ணம் பருத்தி எடுக்கப் போகும் கூலிக்காரி. கூலிக்காரர்களுக்கு உருளையை ஒட்டிய பின்பெஞ்சுதான் என்பது அந்த பஸ்ஸின் வழக்கம். ஒரே வாரத்தில் இரண்டு முறை அவள் அங்கே மயங்கிச் சாய்ந்துவிட்டாள்.

"அண்ணே, பின்னால உக்காந்தா தலை கனக்குதுங்க. அந்த உருளையிலதான் என்னமோ இருக்கு. புள்ளையவாச்சும் முன்னால உக்கார வைங்கண்ணே" என்று அன்றும் கெஞ்சினாள். ஆறு வயது மகள் பூமாலை அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வெறும் வயித்தோட வந்துட்டு உருளை மேல பழி போடுறியா? முன்சீட்டுக்கு ஆசை, அதுக்கு இந்த நடிப்பு. போ பின்னால!"

அவள் மகளை இழுத்துக்கொண்டு போய்ப் பின்பெஞ்சில் உட்கார்ந்தாள்.

உருளையின் கோளாறு வைரக்கண்ணுவுக்குத் தெரியாததல்ல. கரி சுடும் பெரியசாமி ஞாயிறுதோறும் அவர் வீட்டில் ஒரு சேவலைக் கட்டிவிட்டுப் போவான். பதிலுக்கு இவர் அவனுடைய அரைவேக்காட்டுக் கரியை நல்ல கரி என்று இறக்கிக்கொள்வார். அந்தக் கரியில் வண்டி அடிக்கடி நின்றது. வாயு கசியாமலிருக்க உருளை மூடியைச் சுற்றிக் கட்டியிருந்த கயிறு தீய்ந்துபோனபோது களிமண்ணை அப்பிச் சமாளித்தார். முதலாளியிடம் சொல்லப்போனால், இந்தக் கரியை யார் பார்த்து வாங்கியது என்ற கேள்வி வருமே!

குன்னம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. கித்தான் திரைகளை இறக்கிக் கட்டினார்கள். கொஞ்ச தூரத்தில் வண்டி முனகி நின்றது. சின்னதுரை சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கி, சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்தான்.

வைரக்கண்ணு எழுந்து நேரே பின்பெஞ்சுக்குப் போனார். "இன்னிக்கு உன் நாடகத்த நானே பக்கத்துல உக்காந்து பாத்துடறேன்."

சற்று நேரத்தில் சம்பூர்ணம் கண்ணை மூடினாள். ஆரம்பித்துவிட்டாள் என்று அவர் மனசுக்குள் சிரித்தார். பிறகு அவருடைய நெற்றிப்பொட்டே தெறித்தது. எழுந்திருக்கப் பார்த்தார், கால் கேட்கவில்லை. பூமாலையின் தலை தொங்கிக்கிடந்தது. கத்தப் பார்த்தார், குரல் வரவில்லை. அப்போதுதான் அவருக்கு உயிர்ப்பயம் வந்தது.

சம்பூர்ணம்தான் தட்டுத்தடுமாறி எழுந்து, கித்தான் கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். ஈரக்காற்று உள்ளே பாய்ந்தது. "சக்கரத்த நிறுத்துங்க!" என்று அலறினாள்.

பிள்ளையைச் சாலையோரத்தில் கிடத்தினார்கள். மழை முகத்தில் அடித்தும் அசைவில்லை. "ஆத்தா, கண்ணத் தொற ஆத்தா" என்று சேற்றில் மண்டியிட்டு அழுதார் வைரக்கண்ணு. வெகுநேரம் கழித்துப் பூமாலை வாந்தி எடுத்து, வீறிட்டு அழுதாள். அவள் தாய்க்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சின்னதுரை மூடியைக் காட்டினான். களிமண் வெடித்து உதிர்ந்திருந்தது. "நான் ஊத ஊத, விஷவாயு இது வழியாத்தாண்ணே உள்ள வந்துருக்கு."

முன்சீட்டிலிருந்து மிராசுதார் சிவசுப்பிரமணியன் தலையை நீட்டினார். "கூலிக்காரங்க மயங்குறது என்ன புதுசா? ரயிலுக்கு நேரமாச்சு. களிமண்ண அப்பிட்டு வண்டிய எடுப்பா."

"வண்டி இனிமே நகராதுங்க" என்றார் வைரக்கண்ணு. "ஒரு சேவலுக்காக ஓட்டைய மறைச்சவன் நான். உண்மையச் சொன்னவள நடிக்கிறாள்னேன். ஒருத்தர் தன் கஷ்டத்தச் சொன்னா, சந்தேகப்படறதுக்கு முன்னாடி அவங்க எடத்துல நாம ஒருதரம் உக்காந்து பாக்கணுங்க. பின்பெஞ்சு காலியாத்தான் இருக்கு. நீங்க உக்காந்து பாக்கறீங்களா?"

மிராசுதார் குடையை விரித்துக்கொண்டு, குன்னத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.