கரை போடாத எழுத்து

கும்பகோணம் அலுவலகத்தின் பெரிய திரையில் 'நெல் வரத்து' என்ற தலைப்பு 'நெ'யோடு நிறைந்துவிட்டது. திரை அகலத்துக்கேற்ப எழுத்து வளரக் கணக்குப் போட்ட நிரலாளன் பரிதி, எந்த அளவில் நிற்க வேண்டும் என்று எழுதவில்லை. காவிரிக்கரையில் பிறந்த மகான், கரை போட மறந்திருந்தான்.

பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் அந்த சிஎஸ்எஸ் தொகுப்பில் எழுத்தளவுகளுக்குப் பெரிதிலிருந்து சிறிதாக ஆறு, வாய்க்கால், மடை என்று பெருமையோடு பெயர் வைத்தவனும் அவனே. பெயர்கள் தேறுமா என்று கேட்டால், மூன்று வாரமாக "பாப்போம்" என்றே சொல்லிவந்த மேலாளர் சுடர்விழி எதிரே நின்றார். அவன் மேல்வரம்பைச் சேர்த்ததும் தலைப்பு அடங்கியது.

"பேரையும் மாத்திடட்டுமா மேடம்?"

"எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல்னு வைக்க இது என்ன சட்டைக் கடையா? கணக்குதான் தப்பு பரிதி. பேரு பிரமாதம், அப்படியே இருக்கட்டும்."