பெரிய றோட்டாலை போ

1

இந்தக் கதை ஒரு விளம்பரத்திலிருந்து வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இத்தாலிய மலைநாட்டில் சைக்கிள் சுற்றுலா. கைவிட்ட ரயில் பாதை ஒன்றின் தண்டவாளங்களைக் கழற்றிவிட்டு, மலைகளுக்கிடையே சைக்கிளுக்கென்றே வழி போட்டிருக்கிறார்களாம். கார் கிடையாது, லொறி கிடையாது, குருவிச் சத்தம் மட்டும்தான் கேட்குமாம். நான் இதை வாசித்தது லா ஷப்பல் தமிழ்க் கடைத்தெருவில், ஜன்னலோரம் இருந்துகொண்டு. கீழே ஒருவன் வான் வண்டியை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு வாழைக்குலை இறக்குகிறான். பின்னால் நிற்கிறவர்கள் எல்லோரும் ஹோர்னில் கை வைத்தபடி இருக்கிறார்கள். இந்த நிலையில் எனக்கு ஆசை வந்திருக்கவேண்டும். வந்தது பயம்.

ஏன் பயம் என்று குடைந்துகொண்டிருந்தபோதுதான் பேனாட் கிடைத்தார்.

[கிடைத்தார் என்றால், நான் உண்டாக்கினேன். கடை கடையாக ஏறி விசாரிக்காதீர்கள். பேனாட்டையும் அவர் மகளையும் நான்தான் செய்தேன். பயத்தை நான் செய்யவில்லை.]

2

முதல் தொடக்கம்: "மலைகளின் மடியில் வளைந்து நெளிந்து செல்லும் அந்த—"

நான் அந்த மலைகளைக் கண்டதில்லை. வெட்டினேன்.

இரண்டாம் தொடக்கம்: "சிறுவயது முதலே சுதந்திர மனமும் துணிச்சலும் கொண்ட மெலிசா—"

கல்யாண விளம்பரம் மாதிரி இருந்தது. அதையும் வெட்டினேன். மூன்றாவது இது:

பேனாட்டுக்கு வெறும் வீதியைக் கண்டால் ஆகாது. மன்னாரில் இளந்தாரியாக இருந்த காலத்தில் அவரும் சைக்கிளில்தான் திரிந்தார். சண்டையால் பெற்றோல் இல்லாத காலம், எல்லோருக்கும் சைக்கிள்தான். அந்த நாளில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு ஒரு கணக்கு இருந்தது. எதிரே ஆள் வருகிறதா என்று பார்க்கவேண்டும். ஒரு மீன்காரன் வந்தால் போதும், நிம்மதியாகப் போகலாம். நெடுநேரமாக ஒருவரும் வராவிட்டால் முன்னால் ஆமியின் சுற்றிவளைப்பு, அல்லது ஏதோ வெடித்திருக்கிறது. அந்தப் பக்கத்து ஆட்கள் அங்கேயே மறிபட்டு நிற்கிறார்கள் என்று அர்த்தம். திரும்பிவிடவேண்டும்.

பேனாட் இன்று லா ஷப்பலில் மரக்கறிக் கடையில் வேலை செய்கிறார், வீடு புறநகரான ஸ்தேனில். கணக்கு மட்டும் மாறவில்லை. கொரோனா அடைப்பில் ஊரே வெறிச்சோடியபோது, கடை திறக்க அனுமதி இருந்தும், வேலைக்கு வெளிக்கிட்டவர் பாதிவழியில் திரும்பிப் போய்விட்டார். முதலாளி ஸ்ரீஸ்கந்தராசா அவரை வைரசுக்குப் பயந்தவர் என்று இன்றைக்கும் நக்கலடிப்பார். பேனாட் சிரித்துவிட்டு விடுவார். வைரஸ் அவருக்கு ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை.

[இங்கே அவருக்குச் செத்துப்போன தம்பி ஒருவனைக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். வெறும் வீதியில் போய்த் திரும்பாத தம்பி. எழுதியும் பார்த்தேன், பொய்யாக இருந்தது. பேனாட் ஒவ்வொரு முறையும் திரும்பினார், ஒவ்வொரு முறையும் தப்பினார். ஒரேயொரு தடவை போய்ப் பார்த்து, அங்கே ஒன்றும் இல்லையென்று கண்டிருந்தால் பயம் தெளிந்திருக்கும். அந்த வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை.]

3

மெலிசா அவருடைய ஒரே மகள். இங்கேயே பிறந்தவள், பொபினியில் அலுவலக வேலை. விடுமுறைக்குச் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு தனியாக இத்தாலிக்கு ரயிலேறினாள். தாய் மரியநாயகி அழுது தீர்த்தாள். பேனாட் அழவில்லை. மகள் நிற்கிற இடத்தைக் காட்டும் நீலப் புள்ளியைத் தன்னுடைய போனிலும் தெரியச் செய்துதரும்படி மட்டும் கேட்டார்.

புதன்கிழமை மத்தியானம், கடையில் முருங்கைக்காய்ப் பெட்டியை உடைத்துக்கொண்டிருந்தபோது படம் வந்தது. பச்சை மலைகள், நடுவே வளைந்துபோகும் வழி. பேனாட் மலையைப் பார்க்கவில்லை. வழியில் ஆள் இருக்கிறதா என்று விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். ஒருவரும் இல்லை. வளைவுக்கு அப்பால் பழைய ரயில் சுரங்கத்தின் கறுத்த வாய் தெரிந்தது. உடனே போன் எடுத்தார்.

"பிள்ளை, எங்கை நிக்கிறாய்?"

"படத்திலை காணேல்லையா பப்பா? சூப்பரா இருக்கு."

"சனமில்லையே அங்கை?"

"காலமையிலயிருந்து ஒரு ஆளையும் காணேல்லை." சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

"எதிரிலையும் வரேல்லையோ?"

"இல்லையே. ஏன்?"

"அப்ப திரும்பு. அந்தக் குகைக்குள்ளை போகாதை. பக்கத்திலை வாகனம் ஓடுற பெரிய றோட்டு இருக்குமெல்லே, அதாலை போ."

"பப்பா, கார் வராதபடியாத்தான் இது பாதுகாப்பு. அதுக்குத்தானே இந்த வழியைப் போட்டிருக்கினம்."

"நான் சொல்லுறதைக் கேளம்மா. ஆக்கள் போற றோட்டாலை போ. எனக்காக."

[இந்த இடத்தில் நான் பல நாள் முட்டுப்பட்டு நின்றேன். மெலிசா ஏன் கேட்கவேண்டும்? சாப்பாட்டு மேசையில் தகப்பனோடு எதற்கெடுத்தாலும் மல்லுக்கட்டுகிறவள் அவள். கேட்காமல் சுரங்கத்துக்குள் போயிருந்தால் கதையும் இல்லை, எனக்கு இந்தத் தலையிடியும் இல்லை. ஆனால் தகப்பனின் குரல் நடுங்கி அவள் அதுவரை கேட்டதில்லை. அதற்காகத்தான் கேட்டாள். பிடிவாதத்துக்கு மசியாத பிள்ளை நடுக்கத்துக்கு மசிந்தது.]

"தக்கோர் பப்பா," என்றாள். சரி என்பதை அவள் அப்படித்தான் சொல்லுவாள். "பயப்பிடாதேங்கோ, பெரிய றோட்டாலை போறன்."

4

நீலப் புள்ளி வழியைவிட்டு இறங்கிப் பெரிய வீதியில் ஏறியது. பேனாட்டுக்கு நெஞ்சுக்குள் தண்ணீர் வந்தது. முருங்கைக்காயை அடுக்கினார், ஒரு கிழவிக்குக் கத்தரிக்காய் தெரிந்தெடுத்துக் கொடுத்தார், ஸ்ரீஸ்கந்தராசாவின் நக்கலுக்கு இரண்டு பங்கு சிரித்தார்.

பிறகு புள்ளி ஒரு வளைவில் நின்றது.

களைத்து நிற்கிறாள் என்று நினைத்தார். தண்ணீர் குடிக்கிறாள். படம் எடுக்கிறாள். இவ்வளவு நேரம் என்ன படம்? போன் எடுத்தார். ரெப்போந்தருக்குப் போய்விட்டது, மகளின் குரல் பிரெஞ்சில் தகவலை விடச் சொன்னது. மறுபடி எடுத்தார். அதே குரல், அதே உற்சாகம்.

அப்போதுதான் புள்ளிக்குப் பின்னால் வீதி சிவப்பாகத் தொடங்கியது. போன் வரைபடத்தில் சிவப்பு என்றால் வாகனங்கள் தேங்கி நிற்கின்றன. மலைநாட்டில், புதன்கிழமை மத்தியானம், எதற்குத் தேங்கவேண்டும்? புள்ளிக்கு முன்னால் வீதி சும்மா கிடந்தது. அந்தப் பக்கத்துக்கு ஒரு வாகனமும் போகவில்லை. பேனாட் வெங்காய மூட்டையில் இருந்துவிட்டார்.

மரியநாயகி போன் எடுத்தாள். "பிள்ளை கதைச்சவளே?"

"ஓம், கதைச்சவள். நல்லா இருக்கிறாளாம்."

"எங்கையாம் நிக்கிறாள்?"

"வழியிலை," என்றார். எந்த வழி என்பதை விட்டுவிட்டார்.

5

இதற்குமேல் எழுத எனக்குக் கை வரவில்லை. நான் எழுதாமல் இருந்தபோது பேனாட் கதையைவிட்டு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். கடை ஏப்ரனையும் கழற்றவில்லை.

"தம்பி, அந்த மூண்டாம் பகுதியை அழிச்சு விடுங்கோ."

"ஏனண்ணை?"

"நான் போன் எடுக்கேல்லை எண்டு எழுதுங்கோ. படத்தைப் பாத்தன், வடிவா இருக்கெண்டு சொன்னன். அவ்வளவுதான். அவள் குகைக்குள்ளாலை போய் இவ்வளவுக்கு அங்காலை வந்திருப்பாள்."

அழித்தேன். உண்மையாகவே அழித்துப் பார்த்தேன். இரண்டுக்குப் பிறகு நான்கு வந்தது. மெலிசா காரணமில்லாமல் பெரிய வீதியில் நின்றாள். பேனாட் காரணம் தெரிந்த முகத்தோடு என் முன்னால் நின்றார். திரும்பப் போட்டுவிட்டேன். எப்படியும் நீங்கள் வாசித்துவிட்டீர்கள்.

சரி, முடிவையாவது மாற்றுவோம் என்று இறங்கினேன்.

அ. வீதியில் திருத்த வேலை, அதனால்தான் நெரிசல். மெலிசாவின் பற்றரி தீர்ந்துவிட்டது. வளைவில் ஒரு கோப்பிக் கடை, அதற்குள் இருந்து ஐஸ்கிறீம் சாப்பிடுகிறாள்.

ஆ. "லொறிச் சாரதிக்கு அந்த வளைவில் வெயில் கண்ணில் அடித்தது. அவன் பிறேக்கில்—"

[‘ஆ’வை முடிக்கமாட்டேன். கெட்டதைச் சொன்னாலே வாயில் அடித்துக் கழுவிவிடுகிற வீட்டில் வளர்ந்தவன் நான். எழுதுவது அதைவிட மோசம். படித்தவன் என்ன இப்படி என்று கேட்பீர்கள். கேளுங்கள்.]

பேனாட் ‘அ’வை வாசித்தார். ஐஸ்கிறீம் வரை வந்து நிறுத்தினார்.

"இது எனக்காக எழுதினது தம்பி. அங்கை நடந்ததை எழுதுங்கோ."

"அங்கை நடந்தது எனக்குத் தெரியாதண்ணை."

"தெரியாதோ? நீங்கள்தானே அவளை அங்கை அனுப்பினது?"

நான் அனுப்பியது கார் வராத வழியில். அதை அவரிடம் நான் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. ஏப்ரனின் நுனியைப் பிடித்து முறுக்கிக்கொண்டு நின்றவருக்கு அது என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. எனக்கு அவர் மேல் பாவமாக இருந்தது. அவரை உண்டாக்கிய என் மேல் கோபமாகவும் இருந்தது.

6

அவருடைய கையில் போன் அடிக்கிறது.

இத்தாலி நம்பர். மகளுடைய நம்பர் இல்லை. பற்றரி தீர்ந்தவள் யாரிடமாவது போனை இரவல் வாங்கி எடுக்கலாம். அவளுடைய பையில் தகப்பனின் நம்பரைத் தேடிப்பிடித்து இத்தாலிக்காரர் யாராவது எடுக்கவும் கூடும். பேனாட் பச்சைப் பொத்தானுக்கு மேல் பெருவிரலைக் கொண்டுபோகிறார், திருப்பி எடுக்கிறார். பிறகு போனை என்னிடம் நீட்டுகிறார்.

நான் எடுத்தால், என்ன கேட்டாலும் நான் எழுதியதாகத்தான் இருக்கும். அதை அவர் நம்பமாட்டார். ஆகவே உங்களிடம் நீட்டுகிறேன். நீங்கள் இந்தக் கதையில் எதையும் எழுதவில்லை, யாரையும் எந்த வழியாலும் போகச் சொல்லவில்லை. வாங்குங்கள். இன்னும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

பேனாட் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அங்கே நின்றபடியே உங்களிடம்தான் சொல்லுகிறார்:

"ஆரெண்டு பிறகு சொல்லுங்கோ. என்னவாமெண்டும் பிறகு சொல்லுங்கோ. தமிழிலை கதைக்கினமோ எண்டு மட்டும் முதல் சொல்லுங்கோ."