வீட்டுத்தோணியில் போன மாப்பிள்ளை

மருதமுனையில் நான்கு தறி வைத்திருந்த கச்சிமுகம்மது, நாற்பத்தொரு வயதுவரை கடலில் கால் நனைத்ததோடு சரி. வீட்டிலிருந்து கடற்கரை கூப்பிடு தூரம்தான். இருந்தும் மீன் வாங்கப் போவதைத் தவிர அவருக்கு அங்கே ஒரு சோலியும் இருந்ததில்லை. அப்படிப்பட்டவருக்குத்தான் அந்தப் பாய்த்தோணி வந்து வாய்த்தது.

கல்லோயா அணைக்கட்டு வேலைக்கு வந்திருந்த வெள்ளைக்கார இஞ்சினியர் ஒருவர், லீவு நாட்களில் ஓடித் திரிவதற்காக அதைத் திருகோணமலையிலிருந்து கொண்டுவந்து கல்லாற்றுப் பக்கம் உப்புநீர்க் களப்பில் கட்டியிருந்தார். அப்போதே அது பழைய தோணி. வேலை முடிந்து சீமைக்குத் திரும்பும்போது அதை விற்கப் பார்த்தார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில், தனக்கு விருப்பமான சாரன்களை நெய்து கொடுத்த கச்சிமுகம்மதுவைக் கூப்பிட்டு, "நீயே வைத்துக்கொள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இருபத்தாறு அடி நீளம். நடுவில் ஓர் அறை. அறைக்குக் கதவு, இரண்டு பக்கமும் வட்ட ஜன்னல், உள்ளே இரண்டு கட்டில், மண்ணெண்ணெய் அடுப்பு வைக்க ஒரு மூலை. மற்றத் தோணிகளைப்போல் மணலில் இழுத்து ஏற்றவும் முடியாது. அடியில் இரும்பு ஏரா, சுறாவின் செட்டையைத் தலைகீழாக மாட்டியதுபோல மூன்று முழம் இறங்கியிருந்தது.

கச்சிமுகம்மதுவின் மனைவி ஸைனம்பு வந்து பார்த்துவிட்டு, "குசினிதான் கொஞ்சம் சின்னன்" என்றாள். அவளுடைய தம்பி அபூசாலி வயிறு குலுங்கச் சிரித்தான். அவனுக்கு முப்பத்திரண்டு வயது. பத்து வயதிலிருந்து கடலில் கிடப்பவன்.

"கடலுக்குப் போறவனுக்குக் கட்டில் என்னத்துக்கு மச்சான்? மீன் வந்து எழுப்பும் எண்டா?"

ஊர் அதற்கு வீட்டுத்தோணி என்று பெயர் வைத்தது.

தண்ணீர் வற்றிய மாதத்தில் பத்துப் பேரைப் பிடித்து, தென்னங்குற்றிகளை அடுக்கி, தோணியைக் களப்பின் கரையில் சரித்துப் போட்டார்கள். அபூசாலி பலகையில் விரலை வைத்து அழுத்தினான். விரல் உள்ளே போய்விட்டது.

"மச்சான், இது பலகை இல்ல. மஸ்கெட்டு அல்வா."

கச்சிமுகம்மது மனம் தளரவில்லை. புழு அரித்த ஏழு பலகைகளைக் கழற்றிவிட்டு முதிரைப் பலகை போட்டார். பலகைக்கும் பலகைக்கும் இடையில் கலப்பத்து அடிப்பதற்குப் பஞ்சுக்கயிறு தேடி அலையவில்லை. தறியில் விழுந்த கழிவுநூலை எல்லாம் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சித் தோய்த்து உளியால் இறுக்கினார். சிவப்பு, பச்சை, ஊதா என்று தோணியின் வயிறு முழுக்கக் கோடு கோடாக நூல் தெரிந்தது. அபூசாலி பின்னேரம் தோறும் சிரிப்பதற்கென்றே வந்தான். வந்தவனுக்குக் கை சும்மா இருக்கவில்லை. "அப்பிடி அடிச்சா நூல் வெளியில வந்திரும், இஞ்ச தாங்க" என்று கொட்டாப்புளியைப் பறித்தான். மூன்று மாதம் சிரித்துக்கொண்டே வேலை செய்தான்.

தண்ணீரில் இறக்கிய அன்றைக்கு, தோணி ஜன்னல்வரைக்கும் அமிழ்ந்தது. கச்சிமுகம்மது கரையில் குந்தித் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"ஊட்டுல ஆரும் மையத்தா, இப்பிடிக் குந்தியிருக்க? எழும்புங்க மச்சான். காஞ்ச பலகை தண்ணி குடிக்கணும். குடிச்சு ஊதினாத்தான் இடுக்கு மூடும். மூண்டு நாள் கிடக்கட்டும்" என்றான் அபூசாலி.

மூன்றாம் நாள் தண்ணீரை இறைத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. கச்சிமுகம்மது அந்த இடத்திலேயே இரண்டு ரக்அத் தொழுதார்.

பாய்தான் மிச்சம். பழையதை எலி தின்றிருந்தது. தடித்த வெள்ளை நூல் கிடைக்காததால், தறியில் ஏற்கனவே ஏற்றியிருந்த சிவப்பு–கறுப்புக் கட்டம் போட்ட சாரன் பாவு நூலையே இரட்டை இழையாக்கி நெய்தார். அகலம் போதாது, பத்துத் துண்டுகளைப் பக்கம் பக்கமாகப் பொருத்த வேண்டும். பொருத்தித் தைத்தவள் ஸைனம்பு. காற்றுப் பிடித்ததும் அந்தக் கட்டம் போட்ட பாய் வயிறு புடைத்து நின்றது. களப்பில் மூன்று மாதம் அங்கும் இங்கும் ஓட்டி, கச்சிமுகம்மது சுக்கான் பிடிக்கப் பழகினார். கடலுக்கு மட்டும் போகவில்லை. கேட்டால், "காலம் வரட்டும்" என்பார்.

காலம் ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழி வெள்ளமாக வந்தது.

அபூசாலிக்கு அட்டாளைச்சேனையில் பெண் பேசி, நாளும் வைத்தாகிவிட்டது. பெண்ணின் வாப்பா ஸைனுலாப்தீன், வயல் உள்ளவர், சொன்ன நாளை மாற்றாதவர். வெள்ளம் வடிந்து மூன்று கிழமையாகியும் ரோட்டில் அங்கங்கே இடுப்பளவு தண்ணீர் நின்றது. பஸ் இல்லை. வண்டியும் போகாது. மற்ற ஆண்கள் முந்தின நாளே வயல் வரம்புகளால் நடக்கப் புறப்பட்டார்கள்.

"நானும் சாரனை மடிச்சிக் கட்டிட்டு நடக்கன்" என்றான் அபூசாலி.

"பொம்புள ஊட்டு வாசல்ல சேத்துக் காலோட போய் நிக்கப் போறியா? நான் சீதேவியா உன்னைக் கூட்டிட்டுப் போகணும். வீட்டுத்தோணி இரிக்கித்தானே" என்றாள் ஸைனம்பு.

"ராத்தா, அது களப்புல ஓடுற..."

"கதவு இரிக்கி, கட்டில் இரிக்கி. நான் மறைவா உள்ளுக்குள்ள வருவன். ஒரு பொம்புள முறையாப் போற மாதிரி இந்தக் கரையில வேற எந்தத் தோணி இரிக்கி, செல்லு பாப்பம்?"



மறுநாள் விடியலில் சுபஹு தொழுத கையோடு புறப்பட்டார்கள். வெள்ளம் வெட்டித் திறந்திருந்த முகத்துவாரத்தில் அபூசாலியே சுக்கான் பிடித்தான். இரண்டு அலை தோணியைத் தூக்கிப் போட்டது. மூன்றாவது அலையில் கடலுக்குள் வந்துவிட்டார்கள். பின்னால் வாடைக்காற்று, முன்னால் தெற்கு. பாய் புடைத்தது. கச்சிமுகம்மதுவின் கண் கலங்கிவிட்டது.

அறைக்குள்ளிருந்து ஸைனம்புவின் குரல் வந்தது. "தம்பி, சுக்கானை மச்சானிட்ட குடுத்திட்டு உள்ளுக்கு வா. கோட்டைப் போடு. வெயில்ல நிண்டு கறுத்துப் போகாத."

"இருவது வருசத்துக்கு மேலாக் கறுத்தாச்சு ராத்தா. இனி என்னத்தக் கறுக்க?"

"வா எண்டா வா."

கோட்டும் துருக்கித் தொப்பியும் போட்டு அவனைக் கட்டிலில் இருத்தி, உப்புத் தண்ணீர் படாமல் கதவையும் சாத்தினாள். அத்தரை வேறு தாராளமாகத் தெளித்தாள். அத்தர், குங்கிலியம், மண்ணெண்ணெய் மூன்றும் அந்த அறைக்குள் கலந்தன. அடிவானத்தைப் பார்த்தே பழகிய கண்ணுக்கு ஆடுகிற சுவரைப் பார்க்கத் தெரியவில்லை. சாய்ந்தமருதைத் தாண்டுமுன் அபூசாலியின் முகம் வெளிறியது. இருபத்திரண்டு வருடம் கடலில் கிடந்தவன், வாழ்க்கையில் முதல்தடவையாகக் கடலுக்குச் சத்தி எடுத்தான். பெண் வீட்டுக்கென்று கொண்டுபோன பித்தளை வெற்றிலைப் படிக்கத்தில்.

"ஆரிட்டயும் செல்லாதீங்க ராத்தா" என்றான்.

வெளியே கச்சிமுகம்மது, "கரை தூரமாயிட்டு, பள்ளிவாசல் சின்னதாத் தெரியுது, என்ன செய்ய?" என்று கேட்டார்.

"சுக்கானை இடப்பக்கம் தள்ளுங்க!"

"எந்த இடம்? நீ படுத்திருக்கிற இடமா, நான் நிக்கிற இடமா?"

அபூசாலி பதில் சொல்ல வாயைத் திறந்தான், வேறொன்றுதான் வந்தது.

கரையோரத்தில் வலை காயப்போட்டவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். மருதமுனைச் சாரன் ஒன்று தன்பாட்டில் கடலில் போகிறது என்று நிந்தவூரில் ஒருவர் மற்றவரைக் கூப்பிட்டுக் காட்டினாராம்.

உச்சிப்பொழுது ளுஹருக்குச் சற்று முன் அட்டாளைச்சேனை தெரிந்தது. நடந்து போனவர்கள் சொல்லி, கரையில் பெருங்கூட்டம். றபான் கொட்டும் சத்தம் காற்றை எதிர்த்து வந்தது. ஸைனுலாப்தீன் குடை பிடித்து நின்றார்; மாப்பிள்ளையை ஏற்றிவர ஒரு தோணியும் அலங்கரிக்கப்பட்டு நின்றது. அலை உடைகிற இடத்துக்கு வெளியே பாயை இறக்கி நங்கூரம் போடுவதுதான் ஏற்பாடு.

கச்சிமுகம்மது பாய்க்கயிற்றை அவிழ்த்தார். பாய் இறங்கவில்லை. இழுத்தார். தொங்கினார். நனைந்து ஊதிய கயிறு பாய்மர உச்சியில் கப்பிக்குள் சிக்கி இறுகியிருந்தது. தோணி ஓடிய ஓட்டத்திலேயே ஓடியது.

வட்ட ஜன்னலில் முகத்தை வைத்திருந்த அபூசாலிக்கு முதலில் பந்தல் தெரிந்தது. பிறகு மாமனாரின் குடை. பிறகு றபான்காரர்கள். பிறகு வெறும் தென்னைமரம்.

"மச்சான்! என்ட கலியாணம் போகுது!"

"கலியாணம் நிக்குது, நாமதான் போறம்" என்று மேலிருந்து பதில் வந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு கோட்டும் தொப்பியுமாக அவன் வெளியே பாய்ந்தான். தலை சுற்றியது. பாய்மரத்தில் பாதி ஏறி, கண்ணை மூடி, அப்படியே வழுக்கிக் கீழே வந்தான். "கத்தி எங்க? கயித்த அறுப்பம்!"

"கலியாணத்துக்குப் போற தோணியில கத்தி கூடாது எண்டு நான்தான் ஊட்டுல எடுத்து வெச்ச" என்றாள் ஸைனம்பு.

கச்சிமுகம்மது சுக்கானைத் திருப்பிப் பார்த்தார். தோணி ஒரு பக்கம் சரிந்து தண்ணீர் அள்ளியது. மூன்று பேரும் கலிமா சொன்னார்கள். அவர் சுக்கானைப் பழையபடி விட்டார். கரையில் ஸைனுலாப்தீன் குடையோடு ஓடத் தொடங்கியிருந்தார். அவருக்குப் பின்னால் கல்யாண வீடே ஓடியது. றபான்காரர்கள் ஓடிக்கொண்டே அடித்தார்கள்.

ஸைனம்பு முக்காட்டை இறுக்கிக்கொண்டு தலையை வெளியே நீட்டினாள். "இஞ்சப் பாருங்க. பாயிட அடியில ஒவ்வொரு தையலுக்கும் ஒரு நுனி தொங்கும். புடிச்சு இழுங்க. கழண்டிரும்."

"கழருமா? எப்பிடிக் கழரும்?" என்றார் கச்சிமுகம்மது.

"கோதும மாச்சாக்கு வாய் தைக்கிற தையல். நுனிய இழுத்தா முழுக்க வந்திரும்."

"அதை என்னத்துக்கு அப்பிடித் தைச்ச?"

"இந்தப் பைத்தியம் ரெண்டு மாசத்துல தெளியும், தெளிஞ்சா துணியக் கிழியாமக் கழட்டிச் சாரன் மூட்டலாம் எண்டு நெனச்சன்."

கச்சிமுகம்மதுவின் முகம் விழுந்துவிட்டது. "அப்ப நீ இந்தத் தோணி ஓடும் எண்டு நம்பவே இல்லையா?"

"இப்ப நல்லா நம்புறன்! நிக்கத்தான் மாட்டேங்குது! இழுங்க!"

அவர் நூலைப் பிடித்தபடி, புடைத்து நின்ற பாயை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். அபூசாலி வாயைத் துடைத்துக்கொண்டு, மெதுவாக, "மச்சான், இப்பிடி ஓடுற ஒரு தோணியை நான் என்ட வாழ்க்கையில காணல்ல. அல்லாவுக்காக இழுங்க" என்றான்.

இழுத்தார். டர்ரென்று ஒரு தையல் உச்சிவரை ஓடிக் கழன்றது. இரண்டாவது, மூன்றாவது. பத்துத் துண்டும் தனித்தனியாகக் காற்றில் படபடத்தன. வண்ணான் கொடி ஒன்றை எழுப்பி நிறுத்தியதுபோல இருந்தது. தோணி மெல்ல மெல்ல வேகம் குறைந்து, நங்கூரம் போட்டதும் நின்றது. பந்தலிலிருந்து இரண்டு மைல்கட்டை தூரம்.

பின்னேரம் அசருக்குப் பிறகு நிக்காஹ் நடந்தது. தரையில் இருந்தும் அபூசாலிக்கு ஆட்டம் நிற்கவில்லை. "கபில்து" என்று சம்மதம் சொல்லும்போதும் இடதும் வலதுமாக அசைந்துகொண்டிருந்தான். மாப்பிள்ளைக்குப் பக்தி அதிகம் என்று பெண் வீட்டார் பேசிக்கொண்டார்கள். சஹன் தட்டில் அவன் ஒரு பிடி சோறு எடுத்து வாயில் வைக்கவில்லை. அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். படிக்கத்தை ஸைனம்பு மூன்று தரம் தேய்த்துக் கழுவி, ஒன்றும் சொல்லாமல் கொடுத்தாள்.

மறுநாள் காலை, புதுப்பெண் நஸீறா தேத்தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நேத்து வேலிக்குள்ளால பார்த்த நான்," என்றாள். "தோணி நிக்காமப் போச்சு. என்னைப் புடிக்காம நீங்க பொத்துவிலுக்கு ஓடுறீங்க எண்டு நெனச்சு அழுதிட்டன்."

"ஓடினது நான் இல்ல. மச்சான்ட தோணி."

"நீங்க எங்க இருந்த?"

அபூசாலி தேத்தண்ணீரை ஒரு மிடறு குடித்தான். பொய் சொல்ல நல்ல இடம்தான். ஆனாலும், "உள்ளுக்குள்ள. சத்தி எடுத்திட்டிருந்த" என்றான்.

நஸீறா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அடக்க முடியாமல் சிரித்தாள். அந்த வீட்டில் எல்லோருக்கும் கேட்கும்படி சிரித்தாள். அவனும் சிரித்தான், அப்போதுதான் அவனுக்குப் பசித்தது.

கடற்கரையில், காய்ந்த பத்துத் துண்டுகளையும் மணலில் வரிசையாக விரித்து, நான்கு பக்கமும் கல் வைத்துவிட்டு, கச்சிமுகம்மது ஊசியும் நூலும் வாங்கிவர ஆள் அனுப்பியிருந்தார். ஸைனம்பு வந்து பக்கத்தில் குந்தினாள்.

"ஊசிய என்னட்ட தாங்க," என்றாள். "நீங்க போய் அந்தக் கப்பிக்கு எண்ணெய் போடுங்க."