காலுறை ஏறிய சரிவு

விபத்து அறிக்கையின் கடைசியில் 'காரணம்' என்று ஓர் இடம் விட்டிருப்பார்கள். அதில் எங்கள் மேலாளர் 'பணியாளரின் கவனக்குறைவு' என்று எழுதியிருந்தார். கணுக்கால் வீங்கிக் கிடந்த நேரம். எதில் கையெழுத்துப் போடுகிறேன் என்று பார்க்கும் நிலையில் நான் இல்லை. பன்னிரண்டு வருடமாக வாரம் தவறாமல் மலையேறி, உச்சியில் இருக்கும் மழைமானியைப் பார்த்து அளவு எடுத்து வருகிறவள் நான். அலுவலகத்தில் என் பெயரே மலையாடு. கடைசி நூறு அடிக்குப் பாதை கிடையாது, பாறையில் கையும் காலும் ஊன்றித்தான் ஏறவேண்டும். அங்கே போய் எனக்குக் கவனக்குறைவாம்.

வழுக்கியது நான் அல்ல, ஷூ. எங்கள் ஐந்து பேருக்கும் ஒரே மாதிரியாக மேலாளரே கடைக்குப் போய் வாங்கி வந்தது. தனக்கும் ஒரு ஜோடி எடுத்துக்கொண்டார், வராந்தாவில் நடப்பதற்கு. அடியில் மெத்தை மாதிரித் தடிமன், ஈரக்கல்லைக் கண்டால் சோப்பு. சொன்னால் கேட்கவேண்டுமே! கடையில் சரிவு ஒன்று இருக்கிறதாம், அதில் தானே ஏறி இறங்கிப் பார்த்துத்தான் வாங்கினாராம். கூடவே ஒரு பழமொழி வேறு.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். இன்னொரு வாட்டி விழுந்தீங்கன்னா மலை வேலை வேண்டாம்மா, மேசை வேலைக்கு வந்துடுங்க."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது. கால் சரியாகி, திங்கட்கிழமை மறுபடி மலைக்குப் போகவேண்டும். புது ஷூவும் அதே கடையில்தான் எடுக்கவேண்டும், அது அலுவலக விதி.

சனிக்கிழமை என் வீட்டுக்காரரும் கூட வந்தார். அவர் குழாய் ரிப்பேர் செய்பவர், வாய் குறைவு, கை அதிகம். இந்த மாதிரி மட்டும் வேண்டாம் என்று காட்டுவதற்காகப் பழைய ஷூவையும் பையில் போட்டுக்கொண்டேன்.

கடையின் நடுவே பலகையால் சரிவு கட்டி, பாறை நிறத்தில் வண்ணம் பூசியிருந்தார்கள். கடைக்காரர் முதல் ஜோடியைக் கொடுத்தார், ஏறினேன், வழுக்கவில்லை. இரண்டாவதும் வழுக்கவில்லை, மூன்றாவதும் இல்லை. எல்லாமே நன்றாகத்தானே இருக்கிறது என்றார் வீட்டுக்காரர். அதுதான் எனக்கு உறுத்தியது. பையிலிருந்த பழைய ஷூவை மாட்டிக்கொண்டு ஏறினேன். பாறையிலிருந்து என்னை உருட்டிவிட்ட அதே ஷூ, இங்கே ஆணி அடித்த மாதிரி நின்றது. அதையும் கழற்றிப் போட்டுவிட்டு வெறும் காலுறையோடு ஏறினேன். காலுறையும் நின்றது.

குனிந்து தடவிப் பார்த்தேன். வண்ணத்துக்கு அடியில் உப்புத்தாள் போலச் சொரசொரவென்று ஏதோ பட்டை பட்டையாக ஒட்டியிருந்தது. கடைக்காரர் இதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். முன்பு வழவழப்பான பலகைதானாம். ஷூ போட்டுப் பார்த்த ஒருவர் வழுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாராம். அன்றைக்கே பட்டை ஒட்டிவிட்டார்கள், அதற்குப் பிறகு ஒருவர்கூட விழவில்லையாம்.

"விழுந்தா பழி எங்க மேலதானே வரும், மேடம்?"

"நல்லாப் பாத்துக்கிட்டீங்க. அந்தப் பழி என் தலையில விடிஞ்சுது" என்றேன்.

திரும்பிப் பார்த்தால் வீட்டுக்காரரைக் காணோம். கொல்லைப்புறம் போய்க் குழாயைக் கண்டுபிடித்து, அங்கிருந்த கல்படியில் வாளித் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தார். சரக்கு நனைந்துவிடும் என்று கடைக்காரர் பதறினார். மழையை அளக்கப் போகிறவள் நனையாத ஷூவை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஒவ்வொன்றையும் கையில் வாங்கி முறுக்கினேன். துணி பிழிவது போல முறுக்கிக்கொண்டதை ஒதுக்கினேன். விரல் பக்கம் மடங்கலாம், நடுவில் மடங்கக்கூடாது. அடி உயரமாக இருந்ததையும் ஒதுக்கினேன், கல் விளிம்பில் கால் வைத்ததும் அது சாய்த்துவிடும். மிஞ்சியவற்றைப் போட்டுக்கொண்டு, ஈரப்படியின் விளிம்பில் கட்டைவிரல் நுனியை மட்டும் வைத்து முழு எடையையும் ஏற்றி நின்றேன். ஐந்து ஜோடி வழுக்கியது, ஒன்றில் என் குதிகால் ஷூவை விட்டு வெளியே வந்தது. கடைசியாக அடித்தட்டிலிருந்து ஒன்று வந்தது. பாசி நிறம், கையில் எடுத்தால் எடையே இல்லை. ஈரக்கல்லில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டது. பார்வையாக இல்லை என்று அதை யாரும் எடுப்பதில்லையாம்.

"பாறை என்ன போட்டோவா எடுக்கப்போகுது?" என்றார் வீட்டுக்காரர். அன்று முழுவதும் அவர் பேசியதில் அதுதான் நீளமான பேச்சு.

திங்கட்கிழமை காலை, மலைக்குக் கிளம்பும் முன், மேலாளரை அலுவலகப் பின்வாசலுக்கு அழைத்தேன். அங்கிருந்து தோட்டத்துக்குக் கல்படி இறங்குகிறது. ஒரு வாளித் தண்ணீரை அதில் ஏற்கெனவே ஊற்றி வைத்திருந்தேன். அவர் காலில் அதே மெத்தை ஷூ. கடைச் சரிவில் காலுறை ஏறிய கதையைச் சொன்னேன். அதெல்லாம் சும்மா, நானே ஏறிப் பார்த்தேனே என்றார் மறுபடியும். என்ன மனிதரோ!

"அப்ப இறங்குங்க சார்."

ஒரு காலை எடுத்து ஈரப்படியில் வைத்தார். கை தானாகப் போய்க் கைப்பிடியைப் பிடித்தது.

"கைப்பிடிய விடுங்க சார். மேல பாறையில கைப்பிடி கிடையாது."

விடவில்லை. படியைப் பார்த்தார், என் பாசி நிற ஷூவைப் பார்த்தார். நான் அறிக்கையை நீட்டிப் பேனாவைக் கொடுத்தேன். பழைய வரியை அடித்துவிட்டு 'வழுக்கும் காலணி' என்று எழுதினார்.

"யார் வாங்கினதுன்னும் எழுதிடுங்க சார். மத்த நாலு பேரும் இன்னும் அதைத்தான் போட்டிருக்காங்க."

அதையும் எழுதினார். ஒரு கை கைப்பிடியிலேயே இருந்ததால், தாளை நான்தான் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.