வெற்றுத் தாளில் ஒரு கடற்கரை

கலியோப்பிக்கு மூக்கின் மேல் கோபம் என்று தீவு முழுக்கப் பேச்சு. அது தப்பு. மூக்கின் மேல் வருகிற கோபம் வந்த வேகத்தில் இறங்கிவிடும். இவளுடையது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு, வருடக்கணக்கில் எழுந்திருக்காத ரகம். அறுபத்தொரு வயது, கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை, ஊரின் ஒரே மருந்துக் கடை அவளுடையது, ஊர்மன்றத் தலைவியும் அவள்தான். யாருக்கு மூலம், யாருக்கு மூட்டுவலி என்று அவளுக்குத் தெரியும் என்பதாலேயே பாதி ஊர் அவளிடம் அடக்கி வாசித்தது.

ஜூலை கடைசியில் ஏதென்ஸிலிருந்து தங்கை ஃபோதினி போன் செய்தாள்.

"அக்கா, இந்த வருஷம் எந்தக் கடற்கரை?"

வருடா வருடம் கேட்கிற கேள்விதான். ஆனால் பனிக்காலத்தில் ஃபோதினிக்குப் பக்கவாதம் வந்து, இடது கால் இழுத்துக்கொண்டது. இப்போது இரண்டு கைத்தடிகளில் நடக்கிறாள். தரையில் நடப்பதைவிடக் கடல் தண்ணீரில் நடந்தால் கால் சீக்கிரம் திரும்பும், விட்டுவிட்டால் அப்படியே இறுகிப்போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஏதென்ஸில் சிகிச்சைக்கு நடுவே அவளுக்குக் கிடைத்த இடைவெளி பத்தே நாள்.

கலியோப்பி கடையில் உட்கார்ந்தபடியே கடற்கரைகளை ஒவ்வொன்றாகக் கழித்தாள். லிவாதி அழகுதான், ஆனால் ஆகஸ்ட் முழுக்க வடக்குக் காற்று மணலை வாரிக் கண்ணில் அடிக்கும். ஸ்காலாவுக்கு நூற்றுப் பதினொரு படி இறங்க வேண்டும். எப்படியோ இறங்கிவிடலாம், ஏறுவது யார்? மாவ்ராவில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், கால் வைத்த இடமெல்லாம் உருளுகிற கல், மூன்றாம் அடியில் ஆளை முழுங்கும் ஆழம். உல்லாசப் பயணிகளுக்கு எழுதுகிற பட்டியல்களில் இந்த மூன்றும்தான் முன்னால் நிற்கும். கால் இழுத்துக்கொண்ட ஒருத்தி எங்கே இறங்குவாள் என்று எந்தப் பட்டியலும் யோசித்ததில்லை. மிச்சம் இருந்தது கலாமி. சாலையை ஒட்டினாற்போல மெத்தென்ற மணல், ஐம்பது அடி உள்ளே போனாலும் இடுப்பைத் தாண்டாத தண்ணீர்.

"கலாமி," என்றாள். "தொப்பியும் துண்டும் போதும், வேற ஒண்ணும் தூக்கிட்டு வராத."

அந்தக் கோடையில் அவள் கலாமிப் பக்கமே போயிருக்கவில்லை. வெயிலில் தோல் உரிந்த வெள்ளைக்காரர்களுக்குக் களிம்பு விற்கவே நேரம் சரியாக இருந்தது.

ஃபோதினி கப்பலில் வந்து இறங்கிய மறுநாள் காலை இருவரும் கலாமிக்குப் போனார்கள். காரை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்த கலியோப்பிக்கு ஒரு நிமிடம் இடம் மாறி வந்துவிட்டோமோ என்று தோன்றியது. மணலைக் காணவில்லை. சாலையோரத்திலிருந்து அலை தொடும் இடம்வரை ஆறு வரிசை சாய்வு நாற்காலிகள், நாற்காலிக்கு நாற்காலி ஒரு குடை, நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழைகிற இடைவெளி. இரண்டு தடி ஊன்றி நடக்கிறவள் அதற்குள் போக வழியில்லை. எங்கிருந்தோ பாட்டு திம் திம்மென்று அடித்துக்கொண்டிருந்தது.

"நூனா," என்று கையை விரித்துக்கொண்டு ஓடி வந்தான் சராந்திஸ்.

ஞானத்தாயை அந்தத் தீவில் நூனா என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்து நாலு வருடம் முன்பு அவனுக்கு உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து, மூன்று முறை தொட்டியில் முக்கியெடுக்கப் பாதிரியார் கையில் கொடுத்து, பெயர் வைத்தவள் கலியோப்பி. ஈஸ்டருக்கு ஈஸ்டர் மெழுகுவர்த்தியும் புதுச் செருப்பும் வாங்கிக் கொடுத்தவள். பெறாத குறைக்கு அவன்தான் அவளுக்குப் பிள்ளை.

"இதெல்லாம் யாரோடதுடா?"

"என்னோடதுதான் நூனா. சூப்பரா இருக்கில்ல? உங்களுக்கும் சித்திக்கும் முதல் வரிசை. காசெல்லாம் வேணாம், அடுத்த வாரம் காலியாகும், அப்ப சொல்றேன்."

"எனக்கு நாற்காலி வேணாம். இவளுக்கு வழி வேணும். தண்ணிக்குப் போகப் பத்தடி அகலத்துக்கு ஒரு வழி."

சராந்திஸ் தலையைச் சொறிந்தான். "எல்லாம் புக் ஆயிடுச்சே. ஒண்ணு பண்ணலாம். ரெண்டு பசங்கள விட்டு சித்தியைத் தூக்கிட்டுப் போய்த் தண்ணில இறக்கிவிடச் சொல்றேன். முடிஞ்சதும் தூக்கிட்டு வந்துடுவாங்க."

"நான் என்ன மாவு மூட்டையா?" என்றாள் ஃபோதினி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் முகம் சிவந்துவிட்டது. முன்வரிசையில் படுத்திருந்த ஒருத்தி கறுப்புக் கண்ணாடியை இறக்கி இவர்களைப் பார்த்துவிட்டு மறுபடி ஏற்றிக்கொண்டாள்.

"மணல் பூரா நாற்காலி போட உனக்கு யாருடா அனுமதி குடுத்தது?"

அவன் உண்மையாகவே ஆச்சரியப்பட்டான். "நீங்கதானே நூனா."

அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்ததும் காதெல்லாம் சுட்டது. பிப்ரவரியில் ஊர்மன்றக் கூட்டத்தில் சராந்திஸ் ஒரு தாளை நீட்டினான். கலாமியில் நாற்காலி போட அனுமதி. எத்தனை என்கிற இடம் காலியாக இருந்தது. மீன் விற்கிற நிக்கிஃபோரஸ் மட்டும் எழுந்து, "நம்பர் எழுதலையே, நாளைக்குக் கடலையும் சேத்து எழுதிக்கிட்டா?" என்று கேட்டார். சராந்திஸ், "ஒரு பதினஞ்சு இருபதுதான் நூனா, அளந்துட்டு நிரப்பிக்கறேன்," என்றான். கலியோப்பி நிக்கிஃபோரஸைப் பார்த்து, "என் பிள்ளையை நம்பாம உன் தராசை நம்பச் சொல்றியா?" என்று கேட்டாள். மன்றமே சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்திவிட்டாள். ஊரில் எந்த நூனாவும் ஞானப்பிள்ளை நீட்டுகிற தாளைப் படித்துப் பார்ப்பதில்லை. படித்தால் அது அவமானம்.

ஃபோதினி கடற்கரையின் கோடியில் நாற்காலி போட முடியாத பாறைப் பக்கம் போய்ப் பார்க்கலாம் என்றாள். போனார்கள். இரண்டாம் பாறையில் தடி வழுக்கி விழுந்தவள், முழங்காலில் ரத்தத்தோடு கணுக்காலளவு தண்ணீரில் கிடந்தாள். "வலிக்கலக்கா," என்றாள். வலித்தது என்று அக்காவுக்குத் தெரியாதா. கலியோப்பிக்கு அழுகை வரவில்லை, யாரையாவது அறைய வேண்டும் போல இருந்தது. அறைய வேண்டிய ஆட்களில் முதல் ஆள் தான்தான் என்பது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அடுத்த நான்கு நாளும் வீண். லிவாதியில் காற்று ஃபோதினியைத் தடியோடு சாய்த்தது. மாவ்ராவில் அவள் கரையில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்துக்கொண்டாள். ஒரு மீனவத் துறையில் இறங்கப் பார்த்தபோது டீசல் வாடை மூக்கில் ஏறியது, வலை காலில் சுற்றியது. ஐந்தாம் நாள் மாலை ஃபோதினி தர்ப்பூசணிக் கொட்டைகளைத் தட்டில் ஒதுக்கிக்கொண்டே சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை கப்பல்ல நான் கிளம்பறேன்க்கா."

"இன்னும் அஞ்சு நாள் இருக்கு."

"இருந்து? நீ காரை ஓட்டறதும் நான் பின்னாடி உக்காந்து வேடிக்கை பாக்கறதும். விடு. எனக்கு இவ்வளவுதான்னு இருக்கு."

அந்த 'இவ்வளவுதான்' கலியோப்பியின் காதில் ராத்திரி முழுக்க நின்றது. சின்ன வயதில் யாரும் கூப்பிடாமல் முதலில் தண்ணீரில் பாய்கிறவள் ஃபோதினி. அவள் வாயால் இப்படி ஒரு வார்த்தை வருமென்று கலியோப்பி நினைத்ததே இல்லை.

விடிந்ததும் கலாமிக்குத் தனியாகப் போனாள். சராந்திஸ் குடைகளைத் திறந்துகொண்டிருந்தான்.

"கடைசியாக் கேக்கறேன். நடுவுல பத்தடி வழி விடு. அஞ்சே நாள்."

"நூனா, ஆகஸ்ட் முடியட்டும். செப்டம்பர்ல மணல் பூரா சித்திக்குத்தான்."

"செப்டம்பர் வரைக்கும் அவ கால் காத்துக்கிட்டு இருக்காது."

"நாற்காலி வாங்கின கடனுக்குப் பேங்குக்காரன்கிட்டயும் செப்டம்பர்தான் சொல்லியிருக்கேன். நீங்க உங்க தங்கச்சிக்காகப் பாக்கறீங்க, நான் எனக்காகப் பாக்கறேன். இதுல என்ன தப்பு?"

"இருபதுன்னு சொன்னியே, அது தப்பு."

"சொன்னேன். எழுதலையே." சொல்லிவிட்டுக் கொஞ்சம் வெட்கப்பட்டு அடுத்த குடைக்குப் போனான்.

கலியோப்பி நேராக மீன் கடைக்குப் போனாள்.

"நிக்கிஃபோரஸ், துறைமுக ஆபீஸுக்கு வா. சாட்சிக் கையெழுத்து வேணும்."

"எதுக்கு?"

"நான் வெறும் தாள்ல முத்திரை குத்தினேன்னு எழுதப்போறேன்."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "அன்னைக்கே நான் கேட்டேனா இல்லையா?"

"கேட்ட. நான் உன் வாயை அடைச்சேன். தப்பு என்னோடது. இப்ப வந்து கையெழுத்தைப் போடு, பெருமையை அப்புறமா அடிச்சுக்க."

கடற்கரைகளும் துறைமுக அலுவலகத்தின் பொறுப்பில்தான். அங்கே இருந்த அதிகாரி வேறு தீவுக்காரி, சின்னப் பெண். கலியோப்பி எழுதியதை இரண்டு முறை படித்தாள்.

"அம்மா, இது அவர் மேல குடுக்கற புகார் மட்டுமில்ல. உங்க மேலயும்தான். மன்றப் பதவி போகும், விசாரணை வரும்."

"வரட்டும்."

"நாற்காலிங்க தண்ணி வரைக்கும் வந்துடுச்சுன்னு மட்டும் எழுதினாப் போதுமே. அபராதம் போடுவோம்."

"அபராதத்தைக் கட்டிட்டு நாற்காலியை அங்கேயே போட்டுருப்பான். அனுமதி ரத்தாகணும். அதுக்கு நான் எழுதின இந்த வரி வேணும். வெச்சுக்க."

அதிகாரி முத்திரை குத்தினாள். ஊரில் செய்தி கலியோப்பிக்கு முன்னாலேயே வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. எண்ணெய் தேய்த்து எடுத்த பிள்ளை மேல் யாரும் புகார் எழுதியதில்லை. ரொட்டிக் கடையில் அவளுக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். நாற்பது வருடத் தோழியான சராந்திஸின் அம்மா தெருவில் எதிரே வந்து, பார்க்காததுபோல அடுத்த சந்தில் திரும்பினாள். ஃபோதினிக்கும் விஷயம் தெரிந்து, "எனக்காக இதைச் செஞ்சேன்னு சொல்லாதக்கா, என்னால தாங்க முடியாது," என்றாள்.

"உனக்காக மட்டும் இல்ல. என் கையெழுத்து அங்க குடை பிடிச்சுக்கிட்டு நிக்குது, அதைப் பாத்துக்கிட்டு என்னால உக்காந்திருக்க முடியல. வெள்ளிக்கிழமை கப்பல் டிக்கெட்டைக் கிழிச்சுப் போடு."

வெள்ளிக்கிழமை காலை இரண்டு அதிகாரிகள் வந்து மணலை நாடா பிடித்து அளந்தார்கள். மத்தியானத்துக்குள் நாற்காலிகளை எடுக்கச் சொல்லி உத்தரவு ஒட்டினார்கள். சராந்திஸே லாரியில் ஏற்றினான். கலியோப்பி தங்கையைக் காரிலிருந்து இறக்கி மணலில் நிறுத்தினாள். ஃபோதினி தடி ஊன்றிக் கடலை நோக்கி நடந்தாள்.

சராந்திஸ் கடைசி நாற்காலியை வைத்துவிட்டு வந்தான். வியர்வையும் கோபமுமாக இருந்தான்.

"எனக்கு எண்ணெய் தேச்ச கையாலதான் எழுதினீங்களா?"

"ஆமா. வெறும் தாள்ல போட்டதும் அந்தக் கைதான்."

"எங்கம்மா நேத்துலேருந்து சாப்பிடல."

"நானும்தான்."

"இனிமே எனக்கு நீங்க நூனா இல்ல. என் பொண்ணுக்கு ஞானஸ்நானம் வர்ற மாசம். அந்தப் பக்கம் வராதீங்க."

குழந்தைக்கு வைக்க இருந்த பெயர் கலியோப்பி. வழக்கப்படி பேத்திக்கு வரவேண்டிய தன் பெயரைத் தோழிக்காக விட்டுக்கொடுத்தவள் அவன் அம்மாவேதான். கலியோப்பி 'வேண்டாம்டா, அதை மட்டும் செய்யாதே' என்று சொல்லியிருக்கலாம், மன்னிப்புக்கூடக் கேட்டிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"சரி," என்றாள். "வேற பேரு வை. நல்ல பேரா வை."

அவன் போய் லாரியில் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினான். கடலுக்குள்ளிருந்து ஃபோதினி அக்காவைக் கூப்பிட்டாள். கைத்தடிகள் இரண்டும் ஈர மணலில் கிடந்தன. அவள் இடுப்பளவு தண்ணீரில், இரண்டு கைகளையும் அகல விரித்து, இழுக்கிற காலைத் தள்ளித் தள்ளி நடந்துகொண்டிருந்தாள். கலியோப்பி திரும்பிப் பார்க்கவில்லை. லாரி சாலை திரும்பி மறைகிறவரை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.