மெத்தைக் கடையின் கடைசி வாடகைச் சண்டை

ஆஸ்பத்திரி லிஃப்ட் கதவு மூடுவதற்குள் மகள் காலை நீட்டித் தடுத்தாள். உள்ளே கட்டட முதலாளி நின்றிருந்தார். கையில் ஆரஞ்சுப் பழப் பை, முகத்தில் துக்கம் விசாரிக்க வந்தவரின் களை.

"சார், இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அப்பா ரூமுக்கு வராதீங்க."

"என்னம்மா நீ! அவர் இப்படிக் கிடக்கும்போது வாடகையா பேசுவேன்? அவர் கேக்கற அளவுக்கு வாடகையைக் குறைச்சுட்டுப் போயிடறேன்."

"உடனே குறைச்சீங்கன்னா அவருக்குப் புரிஞ்சுடும் சார். இன்னிக்கு ராத்திரியைத் தாண்ட மாட்டார்னு டாக்டர் எங்ககிட்ட மட்டும்தான் சொன்னார். எப்பவும் போல சண்டை போடுங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

எப்பவும் போல என்றால் சாமானியமல்ல. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை கடை வாடகையைத் திருத்துவார்கள். திருத்துவது என்றால் ஏற்றுவதுதான். குறைக்க ஒப்பந்தத்தில் இடமே கிடையாது. தெருவே ஈ ஓட்டினாலும் வாடகை மட்டும் மாடிப்படி ஏறும். அதனால் முதலாளிக்கு அப்பா வைத்த பெயர் ஏறுமுகம். இருவரும் கத்துகிற கத்தலில் கடையிலிருக்கும் மெத்தை ஸ்பிரிங்கெல்லாம் தானாக முனகும். பஸ் டிரைவர்கள் வேடிக்கை பார்க்க வேகத்தைக் குறைப்பார்கள். ஒவ்வொரு முறையும் தோற்பது அப்பாதான். தோற்ற கதையை அடுத்த திருத்தம் வரும்வரை ரசித்து ரசித்துச் சொல்வார்.

இந்த வருஷம் சட்டம் மாறியது. தெருவில் வாடகை இறங்கியிருந்தால் ஒப்பந்தத்திலும் இறக்கியாக வேண்டும். செய்தி கேட்ட அன்று, விற்பனைக்கு வைத்திருந்த இரட்டை மெத்தைமேல் ஏறிக் குதித்தார் அப்பா. பேச்சுக்கு நாள் குறிப்பதற்குள் இதயம் படுக்கவைத்துவிட்டது. கண் விழிக்கும்போதெல்லாம் ஒரே கேள்வி: "ஏறுமுகம் வந்தானா?"

முதலாளி ஆரஞ்சுப் பையை மகளிடம் கொடுத்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார்.

"வாய்யா. புதுச் சட்டம் படிச்சியா?"

"படிச்சேன். தெருவுல வாடகை இறங்கியிருந்தாத்தான் குறைக்கணும். எங்கய்யா இறங்கியிருக்கு?"

"எதிர்ல கடையெல்லாம் வரிசையா பூட்டிக் கிடக்கே, கண்ணு அவிஞ்சு போச்சா? செருப்புக் கடைக்கு நீயே பாதி வாடகைக்கு விட்டிருக்க!"

"அது மூலைக் கடை. சின்னது."

"சின்னதா? யானை படுத்துப் புரளும்யா அதுல!"

நர்ஸ் ஓடிவந்தாள். "ஐயா, சத்தம் போடாதீங்க."

"ஏம்மா, இந்த மெத்தைய உங்களுக்கு வித்தவன் எவன்? முதல்ல அவனைப் போய்ச் சத்தம் போடு!"

கால் பங்கு குறை என்றார் அப்பா. பத்தில் ஒரு பங்குக்கு மேல் நகர முடியாது என்றார் முதலாளி. "கோர்ட்ல பாத்துக்கறேன்" என்று வழக்கம்போலக் கதவுவரை போனார். வழக்கம்போலத் திரும்பி வந்தார். மகள் ஆரஞ்சுப் பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள்.

"அஞ்சுல ஒரு பங்கு. இதுக்கு மேல செத்தாலும் இறங்க மாட்டேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது அவருக்கு. அப்பா அதைக் கவனிக்கவே இல்லை.

"இறங்கிட்டான்! ஏம்மா, பாத்தியா? ஏறுமுகம் இறங்கிட்டான்!"

சிரித்த சிரிப்பில் இருமல் வந்தது. ஒரு டம்ளர் தண்ணீர் முழுவதும் குடித்தார். பிறகு தூங்கினார். விடியும்போது அந்தத் தூக்கத்திலேயே போய்விட்டார்.

இறுதிச் சடங்குக் கூடத்துக்குள் முதலாளி வந்தபோது எல்லாத் தலைகளும் திரும்பின.

"சாகக் கிடந்த மனுஷன்கிட்ட வாடகைக்குக் கத்தினானாம்," என்றார் சித்தப்பா, அவர் காதில் விழும்படி. "என்ன ஜென்மமோ!"

சித்தப்பாவின் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. முதலாளி அதை நெருங்கியதும் சித்தப்பா தன் கைப்பையைத் தூக்கி அதன்மேல் வைத்தார். அவர் பின்சுவரோடு ஒதுங்கி நின்றார்.

மகள் முன்வரிசையிலிருந்து எழுந்து வந்தாள். பையை எடுத்துச் சித்தப்பாவின் மடியில் வைத்தாள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் நாற்காலிக்கும் அம்மாவின் நாற்காலிக்கும் நடுவே போட்டாள். அது நேராக நிற்கிறதா என்று ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள். பிறகு, பின்சுவர் பக்கம் திரும்பினாள்.