பச்சையம்மாள் வீட்டுத் தண்ணீர்

மலர்க்கொடி ஜெயங்கொண்டத்தில் ஒரு கம்பெனிக்காக ஊர் ஊராகப் போய்த் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்றுவந்தாள். மீன்சுருட்டியிலிருந்து பச்சையம்மாள் அவளுக்குப் போன் செய்து வரச் சொன்னாள். பச்சையம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். கணவர் ராசாங்கம் கிட்னி கெட்டு இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மகள் அனுசுயா பிரசவத்துக்கு வருமுன் நல்ல தண்ணீருக்கு வழி செய்துவிட வேண்டும் என்பது அவள் எண்ணம்.

மலர்க்கொடி வழக்கம்போல் இரண்டு கண்ணாடி டம்ளர்களை வைத்தாள். ஒன்றில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் தான் பாட்டிலில் கொண்டுவந்த, மெஷினில் சுத்திகரித்த தண்ணீர். இரும்புக் கம்பிகள் பொருத்திய கருவியை இரண்டிலும் இறக்கிச் சுவிட்சைப் போட்டாள். குழாய்த் தண்ணீர் பழுப்பேறிக் கசடு மிதந்தது. மற்றது தெளிவாகவே இருந்தது.

“நீங்க குடிக்கிற தண்ணியில உள்ள கெமிக்கல்தாங்க்கா இதெல்லாம்.”

பச்சையம்மாள் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அவருக்கும் இதத்தானே குடுத்தேன். இதனாலதான் கிட்னி போச்சா?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த மாதம் ஒரு மெஷின்கூட விற்கவில்லை.

“இருக்கும்க்கா,” என்றாள் மலர்க்கொடி.

மெஷினுக்கு அப்போதே சம்மதம் கிடைத்தது.

நான்கு நாள் கழித்து, மெஷின் மாட்ட இடம் பார்க்க வந்தவளைப் பக்கத்து வீட்டு இருசம்மாள் தெருவிலேயே நிறுத்தினாள்.

“என்னத்தம்மா காட்டிட்டுப் போன? அன்னையிலேருந்து அவ சரியா சோறு திங்கல. எம்புருசனுக்கு நாந்தான் வெஷத்த ஊத்திக் குடுத்துட்டேன்னு பொலம்பிக் கெடக்கா.”

மலர்க்கொடி தெருமுனையைப் பார்த்தாள். அப்படியே பஸ் ஏறிவிடலாமா என்று நினைத்தாள். பிறகு உள்ளே போனாள்.

“அக்கா, ஒரு கை உப்பு குடுங்க.”

பாட்டில் தண்ணீரை டம்ளரில் ஊற்றி, உப்பைக் கரைத்து, கருவியை இறக்கினாள். அந்தத் தண்ணீரும் பழுப்பானது.

“இது கம்பி கரைஞ்சு வர்ற துருதாங்க்கா. தண்ணியில உப்புச்சத்து இருந்தா கரண்டு பாயும், துரு வரும். கெமிக்கல் இல்ல.”

“ஒனக்கு இது அன்னைக்கே தெரியுமா?”

“தெரியும்க்கா.”

“நான் அவரப் பத்திக் கேட்டப்பவும்?”

மலர்க்கொடியால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஆமென்று தலையை மட்டும் ஆட்டினாள்.

“சக்கரை முத்திப் போய்தான் கிட்னி கெட்டுதுன்னு டாக்டரு எத்தனை தடவ சொன்னாரு. அத வுட்டுட்டு ஒம் பேச்ச நம்பினனே.” பச்சையம்மாள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. “சரி, இப்ப நெசத்தச் சொல்லு. எம் மவளுக்கு மெஷினு வேணுமா, வேணாமா?”

மலர்க்கொடி மூன்று வருடமாக மெஷின் விற்கிறாள். ஒரு வீட்டுத் தண்ணீரையாவது அவள் பரிசோதனைக்குக் கொடுத்ததில்லை. அதையும் சொன்னாள். அன்றே குழாய்த் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு அரியலூர் போய், தண்ணீர் பரிசோதிக்கும் இடத்தில் கொடுத்தாள்.

அடுத்த வாரம் ரிப்போர்ட்டோடு வந்தாள். நைட்ரேட் மட்டும் இருக்க வேண்டியதைவிட அதிகம். வயல் உரத்திலிருந்து இறங்கியிருக்கலாம் என்றார்களாம்.

பச்சையம்மாள் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தாள். “அப்ப அவரு...”

“இல்லக்கா. அதையும் கேட்டுட்டுத்தான் வந்தேன். அவரு நோவுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லன்னுட்டாங்க. கைக்குழந்தைக்குப் பால்பவுடர் கரைக்கிறதுக்குத்தான் இந்தத் தண்ணி ஆவாதாம். கொதிக்க வச்சாலும் நைட்ரேட்டு போவாது. சாதா பில்டரும் எடுக்காது. நாங்க விக்கிற மாதிரி ஆர்.ஓ. மெஷினுதான் எடுக்கும்.”

“அப்ப மெஷினு வேணும்.”

“ஆமாங்க்கா.”

பச்சையம்மாள் ரிப்போர்ட்டை மடித்து வைத்துக்கொண்டாள். “இப்ப நீ சொல்றது நெசம்னுதான் தெரியுது. ஆனா ஒங்கிட்ட வேணாம்மா. டவுன்ல கடையில வாங்கிக்கிறேன். ஒன் மொகத்தப் பாத்தா அந்த நாலு நாளுதான் ஞாபகம் வருது.”

“சரிங்க்கா. நைட்ரேட்டு எடுக்குமான்னு கேட்டு வாங்குங்க.”

மலர்க்கொடி எழுந்துகொண்டாள். வெளியே இருசம்மாள் குடத்தோடு நின்றிருந்தாள். மலர்க்கொடி குனிந்த தலை நிமிராமல் அவளைக் கடந்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.